காஞ்சிபுரத்துக்கு வராத காட்சி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
18-2-68

காசிக்கு அக்கா எழுதறது. ஏகாம்பரநாதர் புண்ணியத்துல இங்க எல்லாரும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நைனாவுக்கு மட்டும் பனியில தோள்வலி. தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கினு இருக்கேன். உனக்கு மார்ச்சளி விட்டுச்சா இல்லியா, அதை முதல்ல எழுது.

இப்ப ஒரு விஷயம். படிக்கறப்ப தனியா உக்காந்து படி. நான் நம்ம சின்னவனைப் பார்த்தேன்.

நேர்ல இல்ல, சினிமாவுல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டர்ல 'வேங்கைமலைக் கோட்டை'ன்னு ஒரு ராஜா காலத்துப் படம் ஓடுது. கத்திச் சண்டைன்னா உன் மாமாவுக்கு உசுரு, அவர் கூடப் போனேன். கடைசியில கோட்டையைப் பிடிக்கற சண்டை வருது. ஏணி சாத்தி ஆளுங்க மதில் ஏறுறாங்க. அதுல ஒருத்தன் பாதி ஏணியில நின்னு, ரெண்டு கையும் காலியில்லாததால, கன்னத்து வேர்வையைத் தோள்ல இழுத்துத் தேச்சுக்கினான். தறியில உக்காந்திருக்கப்ப பழனி அப்படித்தான் தேச்சுக்குவான். மறு நிமிஷம் அவன் இல்ல. ராணி ஜன்னல்ல நின்னு அழுவுறா.

நீ சிங்கப்பூர் போன பிறகு நடந்ததை நான் அப்ப முழுசா எழுதல. கல்யாணச் சேலை ஒண்ணு தறியில பாதி நிக்கறப்ப, 'சினிமாவுல சண்டைக்கு ஆள் எடுக்கறாங்க, நான் போறேன்'னு நைனா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போனான். 'போனா போனதுதான்'னாரு நைனா. மூணு வருஷமா அவன் பேரை அவரும் எடுக்கல, நாங்களும் எடுக்கறதில்ல. ஆரம்பத்துல எனக்கு ரெண்டு கார்டு போட்டான். அப்புறம் அதுவும் நின்னு போச்சு. இருக்கானா இல்லியான்னுகூடத் தெரியாது.

மறுநாளும் போனேன். அவனேதான். ஆனா ஏணிக்கு அப்புறம் அவனைக் காணோம். டிக்கெட் கிழிக்கற ஆளைக் கேட்டேன். "மெட்ராஸுல ரிலீசானப்ப படம் ரொம்ப நீளம்மா. அப்புறம் கம்பெனியே வெட்டிக் குறைச்சு வெளியூருக்கு அனுப்பினான். சிலோன், சிங்கப்பூருக்கு முன்னாடியே போன பிரிண்டெல்லாம் முழுசா இருக்கும்"னாரு.

அங்க அந்தப் படம் வந்தா போய்ப் பாரு காசி. ஏணிக்கு அப்புறம் அவன் என்ன ஆவறான்னு பார்த்து எழுது.

இப்படிக்கு,
தேவகி


நேவல் பேஸ்,
சிங்கப்பூர்.
6-3-68

அக்காவுக்குக் காசிநாதனின் வணக்கம். சளி போய்விட்டது. மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு. நைனாவுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்தபோது படம் பேஸுக்குப் பக்கத்துத் தியேட்டரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். நீ சொன்னது சரி. பழனிதான்.

இங்கே படம் மூன்றே கால் மணி நேரம். நீ பார்த்ததும் இதுவும் ஒன்றுதானா என்று நீயே பார்த்துக்கொள். இங்கே ஆரம்பத்தில் ஒரு குதிரைச் சந்தை வருகிறது. இளவரசன் வியாபாரி வேஷத்தில் வந்து தன் அப்பாவின் குதிரையையே விலை பேசுகிறான். இடைவேளைக்கு அப்புறம் கிழ மந்திரியை விஷம் வைத்துக் கொல்கிறார்கள். படை ஆற்றைக் கடப்பது ஒரு தனிக் காட்சி. கோட்டைச் சண்டையும் நீளம்தான். அதில் பழனி ஏணியில் ஏறி, மதிலைத் தாண்டி, கோட்டைக்குள்ளே போய்விடுகிறான். நன்றாக உடம்பு வைத்திருக்கிறான். கவலைப்படாதே.

நைனாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
காசிநாதன்


காஞ்சிபுரம்
22-3-68

தம்பி காசிக்கு, உன் கடிதத்தைக் கண்ணுல ஒத்திக்கினேன். இங்க எல்லாரும் சொகம். பிள்ளைங்கள்ல சின்னதுக்கு அம்மை போட்டு இறங்கிடுச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு.

இங்க குதிரைச் சந்தையே இல்ல. கிழ மந்திரி இடைவேளைக்கு அப்புறம் எங்க போனாருன்னே தெரியாது. "அவரு காசி யாத்திரை போயிட்டிருப்பாரு"ன்னு உன் மாமா சொன்னாரு. செத்தே போயிட்டாருன்னு இப்ப நீ எழுதித்தான் தெரியுது.

நைனாவுக்குச் சொல்லும்படி ஆயிடுச்சு. வழக்கம்போல வெள்ளிக்கிழமை உன் கடிதம் கேக்க வந்தாரு. படிக்கத் தெரியாட்டியும் கண்ணு கூர்மைதானே. "ஒரு பக்கம் படிக்காம மடிச்சியே, அதுல என்ன"ன்னாரு. படத்துல பழனி வர்றான்னு சொன்னேன். "எந்தப் பழனி"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு வந்து, வேற எதையோ பேசற மாதிரி, "இந்தப் படத்துல வர்ற கத்தியெல்லாம் இரும்பா, மரமா"ன்னு கேட்டாரு. மரம்தான்னு சொன்னேன். எனக்கென்ன தெரியும்.

கோட்டைக்குள்ள போனானே, உள்ள என்ன பண்றான்? கத்தி சுத்தறானா? யார் கூட? ராணி அழுவறதுக்கு முன்னாடியா அப்புறமா? ஒண்ணு விடாம எழுது. நான் இங்க மூணாம் தரமும் பார்த்துட்டேன். இங்க அவன் ஏறிக்கினேதான் இருக்கான்.

உடம்பைப் பார்த்துக்க.

தேவகி


சிங்கப்பூர்
2-5-68

அக்காவுக்கு வணக்கம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். வெள்ளைக்காரன் பேஸை மூடிவிட்டுப் போகப்போகிறான் என்று பேச்சு. ஸ்டோரில் எல்லாச் சாமானையும் எண்ணிக் கட்டச் சொல்கிறார்கள். ஞாயிறும் வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

படத்தை எடுத்துவிட்டார்கள். பழனி ஏணியிலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்தேன். அதற்கப்புறம் கூட்டத்தில் தெரியவில்லை. அவ்வளவுதான். நீயும் திரும்பத் திரும்ப அதையே பார்க்காதே அக்கா. சினிமாதானே.

நைனாவின் தோள் எப்படி இருக்கிறது?

காசிநாதன்


காஞ்சிபுரம்
14-5-68

காசிக்கு. எல்லாரும் சொகம், அதை இதோட விடறேன்.

முதல் கடிதத்துல மதிலைத் தாண்டி உள்ள போனான்னு எழுதினே. இதுல ஏணியிலேர்ந்து இறங்கிப் போனான்னு எழுதறே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கினு இருக்கேன். குதிரைச் சந்தை அவ்வளவு விவரமா எழுதத் தெரிஞ்சவனுக்கு, கூடப் பொறந்தவன் ஏறினானா இறங்கினானான்னு தெரியலியா?

நீ எனக்கு நல்லதுன்னு நினைச்சு மறைக்கறே. எனக்கு அது வேணாம். நீ பார்த்ததை எழுது. இந்தத் தரம் வர்ற கடிதத்தை நைனாவுக்குப் படிக்க மாட்டேன்.

அக்கா


சிங்கப்பூர்
27-5-68

அக்காவுக்கு,

நீ நன்றாயிருக்க வேண்டும். பக்கத்தில் மாமாவை வைத்துக்கொண்டு இதைப் படி.

அவன் விழுகிறான். ஏணியின் உச்சிக்குப் போய் மதிலில் கால் வைக்கும்போது ஏணி சாய்கிறது. அதோடு சேர்ந்து கீழே வருகிறான். கீழே அகழியில் தண்ணீர் இல்லை, வெறும் பாறை. மற்ற வீரர்களும் விழுகிறார்கள். அவர்கள் விழுந்து புரண்டு படுக்கிறார்கள். இவன் அப்படி விழவில்லை. வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கிப் போகிறது. எழ முயல்கிறான், எழ முடியவில்லை. நடிப்பு இல்லை அக்கா. நடிக்கிறவன் முகம் அப்படி இருக்காது.

அடுத்தடுத்த ஞாயிறும் போனேன். ஒவ்வொரு தடவையும் இந்த முறையாவது எழுந்துவிடுவான் என்று தோன்றும். அவன் முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

படக் கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. இருக்கிறானா என்று எனக்கும் தெரியாது. அது தெரியாமல் உனக்கு எப்படி எழுதுவேன்?

காசி


காஞ்சிபுரம்
30-7-68

தம்பி காசிக்கு, இத்தனை நாள் எழுதாததுக்கு வருத்தப்படாதே. பழனி உசுரோட இருக்கான். மத்ததை வரிசையா சொல்றேன்.

நைனாவுக்குப் படிக்க மாட்டேன்னு உனக்கு எழுதினேனே, என்னால முடியல. அவர் எதிர்ல உக்காந்துக்கினு என் மூஞ்சியையே பார்த்தாரு. படிச்சிட்டேன். நாலஞ்சு நாள் கழிச்சு, "அந்தப் படம் இப்ப எங்க ஓடுது"ன்னாரு. முசரவாக்கம் பக்கத்துல டெண்டு கொட்டாய்க்குப் போயிருந்தது. பிறந்ததுலேர்ந்து சினிமா பார்க்காத மனுஷன். கூட்டிக்கினு போனோம். மணல்ல உக்காந்து, துண்டைக் கையில சுருட்டிக்கினு, கடைசி வரைக்கும் பார்த்தாரு. வெளிய வந்து, "அவன் விழலியே தேவகி, ஏறிக்கினுதான் இருக்கான்"னாரு. "இங்க அதை வெட்டிட்டாங்க நைனா"ன்னேன். "எனக்கு இது போதும்"னுட்டு முன்னால நடந்தாரு.

ஆனா அந்தக் கொட்டாயிலதான் எனக்கு வழி கிடைச்சுது. ஏணிச் சண்டை வந்ததும் ஜனங்க, "அதோ நம்ம வீராசாமி, ஏணி பிடிச்சுக்கினு"ன்னு கத்துனாங்க. பக்கத்துல இருந்த பொம்பளையைக் கேட்டேன். அந்த ஊர் ஆளுங்க நிறையப் பேரை லாரியில கூட்டிப் போய்ப் படை வேஷம் போட வெச்சாங்களாம். வீராசாமின்னு ஒரு பையன் மட்டும் மெட்ராஸுலயே தங்கி ரொம்ப நாள் அந்த வேலை பார்த்தானாம்.

மறுநாள் உன் மாமா சைக்கிள்ல பின்னாடி உக்காந்து போனேன். ஊருக்கு ஒதுக்கா கூரை வீடு, ஆயியும் மகனும்தான். ஆயி பேரு அன்னம்மாள். பழனியோட அக்கான்னு சொன்னதும் வீராசாமி எழுந்து நின்னுட்டான்.

"இருக்கான்கா. சைதாப்பேட்டையில இருக்கான். வலது கால் மடங்காது, கோல் வெச்சு நடப்பான்"னான்.

உன் மாமா விலாசத்தைக் கேட்டு எழுதிக்கினாரு.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என் பேரைக் கேட்டா அவன் அந்த இடத்தை விட்டே போயிடுவான்"னான். ஏம்பா, என்ன நடந்துதுன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கினான்.

சைதாப்பேட்டைக்குப் போனோம். நாடக டிரஸ் வாடகைக்கு விடற கடைக்குப் பின்னால ஒரு ரூம். ராஜா அங்கிக்குச் சமிக்கி தெச்சுக்கினு உக்காந்திருந்தான். தாடி விட்டிருக்கான். என்னைப் பார்த்து ஊசியைத் துணியில குத்தி வெச்சான்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"படத்துல உன்னைப் பார்த்தேன்."

"எதை? விழறதையா?"

"இங்க வந்ததுல விழறது இல்ல. ஏறுறது மட்டும்தான். விழறது காசி பார்த்ததுல இருக்குதாம்."

அங்கியை மடியிலேர்ந்து எடுத்துக் கீழ வெச்சான். அப்புறம், "அப்ப நான் விழுந்ததையே படத்துல சேர்த்துட்டாங்களா"ன்னான். அவனுக்கு அது தெரியாது காசி. ஆஸ்பத்திரியில கிடந்தவனுக்கு யாரும் சொல்லல. படத்தை இதுவரைக்கும் பார்க்கலியாம்.

வீட்டுக்கு வாடான்னேன். "ஒத்தைக் காலோட நைனா முன்னாடி வந்து நிக்கச் சொல்றியா"ன்னான். எவ்வளவோ அழுது பார்த்தேன், வரல. எப்படி விழுந்தேன்னு கேட்டேன். "கூட்டாளின்னு ஒருத்தனை நம்பினேன். ஏணியைப் பிடிச்சிருந்தவன் விட்டுட்டான்"னான். யாருன்னு நான் கேக்கல.

நைனா கிட்ட எல்லாம் சொல்லியாச்சு. கேட்டுட்டுத் தறிக்குப் போயிட்டாரு. நீ சின்னவனுக்கு எழுது. விலாசம் கீழ இருக்குது.

அக்கா


சிங்கப்பூர்
16-8-68

அக்காவுக்கு வணக்கம். கடிதத்தை ஸ்டோரிலேயே படித்தேன். கூட இருக்கிற மலாய்க்காரர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பழனிக்கு எழுதியிருக்கிறேன். பதில் போட மாட்டான், தெரியும். நைனாவை நீ அவசரப்படுத்தாதே. அவர் நடக்கிற நடை அவ்வளவுதான்.

எல்லாருடைய உடம்பையும் பார்த்துக்கொள். உன் உடம்பையும்.

காசி


காஞ்சிபுரம்
23-9-68

காசிக்கு அக்கா ஆசீர்வாதம். நைனா, சின்னவன், நாங்க எல்லாரும் சொகம். சின்னவன்னு எழுதியிருக்கேன் பாரு. வீட்டுலதான் இருக்கான்.

போன மாசம் ஒருநாள் காலையில நைனாவைக் காணோம். தறியில ஆள் இல்ல, சட்டை மாட்டற ஆணியில சட்டை இல்ல. பொழுது சாயறப்ப பஸ்ஸுலேர்ந்து ரெண்டு பேரும் இறங்கி வர்றாங்க. நைனா முன்னாடி, பத்தடி பின்னால அவன்.

அங்க என்ன நடந்துதுன்னு பழனிதான் சொன்னான். நைனா ரூமுக்குள்ள வந்து எதிர்ல உக்காந்தாராம். நல்லா இருக்கியான்னுகூடக் கேக்கலியாம். அவன் தெச்சுக்கினு இருந்த அங்கியை இழுத்துப் பார்த்து, "இந்த ஓரம் இழுத்துக்கினு நிக்குது"ன்னு பிரிச்சாராம். இன்னொரு ஊசி கேட்டாராம். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையா மத்தியானம் வரைக்கும் தெச்சு அந்த அங்கியை முடிச்சாங்களாம். முடிச்சு மடிச்சு வெச்சுட்டு, "கடைக்காரனுக்குச் சொல்லிட்டு வா"ன்னாராம். அவ்வளவுதான் பேச்சு.

வந்தும் அவன் சரியா பேசறதில்ல. போன ஞாயித்துக்கிழமை வீராசாமி வந்தான். எப்படியோ சேதி தெரிஞ்சிருக்குது. தெருமுனையிலேயே நின்னான், உள்ள வரல. பழனி அவனைப் பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டான். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிடுச்சு. யார் பக்கம் நியாயம்னு எனக்கு எப்படித் தெரியும்.

நீ எப்ப வரே?

தேவகி


காஞ்சிபுரம்
6-10-68

அண்ணனுக்குப் பழனி எழுதறது. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா.

நீ போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதல, கோவிச்சுக்காதே. இப்ப ஒண்ணு கேக்கறதுக்குத்தான் எழுதறேன்.

வீராசாமியும் நானும் ஒரே லாரியில சேர்ந்தவங்க. ஒரே ரூம், ஒரே பாய். அன்னைக்கு ஏணியோட அடியை அவன் பிடிச்சிருந்தான். நான் மேல போனேன். ஏணி நகர்ந்துது. அப்புறம் எனக்குப் பாறைதான் தெரியும். காலுங்க என்னைத் தாண்டிக்கினு போனது தெரியும். யாரும் நிக்கல. சண்டை நடந்துக்கினே இருந்தது. அவன் விட்டுட்டான், அதான் ஏணி போச்சு. ரெண்டு வருஷமா வேற எதையும் நான் நினைக்கல. ஆஸ்பத்திரிக்கு வந்தான். மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கினேன். அவனும் விட்டேன்னும் சொல்லல, விடலேன்னும் சொல்லல. போயிட்டான்.

நம்ம ஊருக்கு வந்த படத்துல அந்த இடமே இல்லேன்னு அக்கா சொல்றா. நீ பார்த்ததுல இருக்குது. அதுல ஏணியோட அடி தெரியுதா? அவன் கை தெரியுதா? எப்ப விட்டான்? அக்காவுக்கு முதல்ல எழுதின மாதிரி எனக்கு எழுதாதே. என் காலே போச்சு, இனிமே நீ என்னைப் பார்த்துப் பயப்பட ஒண்ணும் இல்ல.

பழனி


சிங்கப்பூர்
24-11-68

அன்புத் தம்பி பழனிக்கு, அண்ணன் நலமாக இருக்கிறேன். நீயும் நைனாவும் அக்கா குடும்பமும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கேள்விக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. பார்த்த அத்தனை தடவையும் உன் முகத்தைத்தான் பார்த்தேன். படமும் இங்கே போய்விட்டது. போன வாரம்தான், ஜொகூர் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் திரை கட்டி அதைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போனேன். இந்தத் தடவை உன்னைப் பார்க்கப் போகவில்லை. ஏணியைப் பார்க்கப் போனேன். படம் முடிந்ததும் ஆபரேட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், அந்த ரீலை எனக்காக மறுபடி ஓட்டினார்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதிலின் மேல் விளிம்பு கல் இல்லை. சாக்கும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. நீ மதிலில் கால் வைத்ததும், ஏணியின் தலை சாய்ந்திருந்த இடம் பொடிந்து உதிர்கிறது. வெள்ளையாகத் தூள் பறப்பது நன்றாகத் தெரிகிறது. முதலில் நகர்வது ஏணியின் மேல்பக்கம்தான். அடி நகரவில்லை. அடியில் வீராசாமி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். ஏணி பக்கவாட்டில் சாய, அவனையும் சேர்த்து இழுக்கிறது. பாறையில் அவன் கால் தேய்ந்துகொண்டே போகிறது. அவன் விடவில்லை. நீ தரையில் விழுந்த பிறகுதான் அவன் கை ஏணியை விட்டு விலகுகிறது. இரண்டாம் தடவை ஓட்டியபோது நான் அந்தக் கைகளை மட்டும் பார்த்தேன். சத்தியமாக எழுதுகிறேன், பழனி.

அதற்கப்புறமும் இருக்கிறது. மற்றவர்கள் உன்னைத் தாண்டிக் குதித்து ஓடுகிறார்கள், நீ எழுதியது சரிதான். இவன் மட்டும் தலையில் இருந்த கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உன்னிடம் ஓடி வருகிறான். உன் மேல் குனிந்து, யாரும் மிதிக்காமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். திரையின் ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. வீரன் கை இல்லை, கைக்கடிகாரம் கட்டிய கை. போ, போ என்று அவனை விரட்டுகிறது. அவன் போகவில்லை. அத்தோடு காட்சி மாறி யானைகள் வருகின்றன.

அவன் ஓடி வந்தபோது நீ மயங்கியிருக்க வேண்டும். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை.

அண்ணன்,
காசிநாதன்


காஞ்சிபுரம்
9-12-68

அண்ணனுக்குப் பழனி.

கடிதம் வந்தது. நானே படிச்சேன். அப்புறம் அக்காவைப் படிக்கச் சொல்லி நைனாவும் நானும் கேட்டோம். நைனாதான், "முசரவாக்கத்துக்கு எத்தனை மணிக்கு பஸ்"னு கேட்டாரு.

தனியாப் போனேன். ரோட்டுல இறங்கி வரப்பு மேல நடக்கறதுக்குள்ள உசுரு போச்சு. அவன் களத்துல நெல்லு தூத்திக்கினு இருந்தான். என்னைப் பார்த்துட்டு முறத்தைக் கீழ வெச்சான். கிட்ட வரல, அங்கயே நின்னான். அவங்க அம்மா சொம்புல தண்ணி மொண்டுக்கினு வந்தவங்க, கொடுக்கறதா வேணாமான்னு வீட்டு வாசல்லயே நின்னுட்டாங்க. நான் போய் வாங்கிக் குடிச்சேன். அப்புறம்தான் அவன் கிட்ட வந்தான்.

"எங்க அண்ணன் முழுப் படத்தையும் பார்த்துட்டு எழுதியிருக்குது. நீ ஏணியை விடல"ன்னேன்.

"அது எனக்குத் தெரியும்"னான்.

"அப்ப ஏன்டா சொல்லல?"

"விழுந்தவன் நீ. நான் என்னத்தைச் சொல்றது."

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். அவனும் படத்தைப் பார்க்கலியாம், கொட்டாய் பக்கத்துல வந்தும் போகல. கையை விரிச்சுக்கினு நின்ன இடத்தைப் படிக்கறப்ப வேற பக்கம் பார்த்தான். கவசத்தைக் கழட்டி எறிஞ்சதைப் படிச்சேன்.

"ஆமா. அதுக்குத்தான் மறுநாள்லேர்ந்து என்னை வரவேணாம்னுட்டாங்க. ஷாட்டைக் கெடுத்துட்டேனாம்"னான்.

எனக்கு அது தெரியாது அண்ணா. நான் விழுந்த பிறகும் இவன் வேஷம் கட்டிக்கினு அந்த வேலையிலயே இருந்திருப்பான்னு நினைச்சுக்கினு, ஆஸ்பத்திரியில நான் திட்டாத நாள் இல்ல.

ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொன்னாரு நைனா. வந்தான். தெருமுனையில நின்னவனை நைனா போய்க் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கினு வந்தாரு. தெருவே பார்த்துது. சாப்பிட்டுட்டுத்தான் போனான்.

உன்னை அவன் பார்த்ததே இல்ல. ஆனா உன் உடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டு எழுதச் சொன்னான். அவனுக்குப் பதில் எழுது.

பழனி